கைத்தொலைபேசிச் செயலி காட்டும் காற்றுத்தர எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் வாசிக்கிறேன். "எனது மகனுக்கு ஆஸ்துமா இருக்கிறது. காலையில் அவனைப் பாடசாலைக்கு அனுப்புவதற்கு முன் கைத்தொலைபேசியில் காற்றின் தரத்தைப் பார்ப்பேன். ஒரு செயலி திருகோணமலைக்கு 112 என்று செம்மஞ்சள் நிறத்தில் காட்டுகிறது, அதே நேரத்தில் இன்னொன்று 66 என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. எதை நம்புவது? இதற்கென்று ஒரு கருவி வாங்கி வைத்துக்கொள்வது பயன் தருமா?"

சகோதரி, இந்த இரண்டு எண்களும் ஒரே காற்றைப் பற்றியவையாகவே இருக்கலாம். காற்றின் தரம் என்று செயலிகள் காட்டுவது பெரும்பாலும் பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட நுண்துகள்களின் அளவைத்தான். ஒரு கன மீற்றர் காற்றில் அந்தத் துகள்கள் 40 மைக்ரோகிராம் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அமெரிக்கச் சுட்டெண்ணின்படி, அதாவது துகள் அளவை ஆபத்தைக் குறிக்கும் எண்ணாக மாற்ற அந்த நாடு வைத்திருக்கும் அளவுகோலின்படி, அது 112 ஆகும். இந்தியச் சுட்டெண்ணின்படி அதே 40 மைக்ரோகிராம் 66 ஆகிவிடும். முதலாவது "நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் உகந்ததல்ல" என்ற வகுப்பில் விழுகிறது, இரண்டாவது "திருப்திகரம்" என்ற வகுப்பில் விழுகிறது. ஆகவே செயலியின் அமைப்புகளுக்குள் சென்று எந்த நாட்டுச் சுட்டெண் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வசதி இருந்தால் சுட்டெண்ணை விட்டுவிட்டு மைக்ரோகிராம் அளவையே காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். இலங்கையில் 2008இல் வர்த்தமானியில் வெளியான நியமம் 24 மணி நேரச் சராசரியாக 50 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலோ 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தாய் இந்த இரண்டாவது எண்ணை மனதில் வைத்துக்கொள்வதே நல்லது என்பது எனது உறுதியான கருத்து.

அடுத்தது, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது. கைத்தொலைபேசிக்குள் நுண்துகளை அளக்கும் உணரி எதுவும் கிடையாது. அருகில் நிலையான அளவீட்டு நிலையம் இருந்தால் செயலி அதன் எண்ணைக் காட்டும். யாராவது வீட்டிலோ அலுவலகத்திலோ பொருத்திய மலிவான உணரி இருந்தால் அதன் எண்ணைக் காட்டும். இரண்டும் இல்லாதபோது செய்மதித் தரவையும் வானிலைக் கணிப்பையும் கொண்டு கணினி மதிப்பிட்ட எண்ணைக் காட்டும். மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே நிறப் பெட்டியில் வருவதால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை, இதைத்தான் நான் இந்தச் செயலிகளின் பெரிய குறையாகக் கருதுகிறேன். ஊரின் பெயரைத் தொட்டு, பக்கத்தின் அடிவரை இறங்கிப் பாருங்கள்: நிலையத்தின் பெயரும், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரமும் இருந்தால் அது அளவீடு, நட்சத்திரக் குறியோ, செய்மதித் தரவிலிருந்து மதிப்பிடப்பட்டது என்ற சிறு குறிப்போ இருந்தால் அது கணிப்பு. வரைபடத்தைத் திறந்தாலும் விளங்கிவிடும், எண் எழுதிய வட்டம் இருக்கும் இடத்தில்தான் கருவி இருக்கிறது.

கணிப்பு என்றால் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பார்வை மிகவும் பரந்தது. பல செயலிகள் நம்பியிருக்கும் ஐரோப்பாவின் கொப்பர்நிக்கஸ் வளிமண்டலச் சேவையின் உலகக் கணிப்பு பூமியை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. அத்தகைய ஒரு கட்டத்துக்குள் திருகோணமலை நகரமும் கிண்ணியாவும் மூதூரும் தம்பலகாமமும் கடலின் ஒரு பகுதியும் சேர்ந்தே அடங்கிவிடலாம். சிறுபோக அறுவடை முடிந்த நாட்களில் தம்பலகாமம் பக்கம் வைக்கோல் எரிக்கப்பட்டு, கச்சான் காற்று அந்தப் புகையை நகரை நோக்கித் தள்ளினால், உங்கள் முற்றத்தில் கண் எரியும்போதும் செயலி பச்சையாகவே இருக்கக்கூடும். பக்கத்து வளவில் பிளாஸ்ரிக்கும் தென்னோலையும் கலந்து எரிக்கும் குப்பைப் புகையை எந்தச் செய்மதியும் தனியாகப் பிரித்துக் காணாது. அளவீட்டு நிலையம் இருந்தாலும், பல செயலிகள் கடந்த 12 மணி நேரத்து அளவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரியையே காட்டுவதால், திடீரென எழுந்த புகை எண்ணில் முழுமையாகத் தெரியச் சற்று நேரம் எடுக்கும்.

மலிவான உணரிகளில் இதற்கு நேரெதிரான சிக்கல் இருக்கிறது. அவை லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு அளக்கின்றன. காற்றில் ஈரப்பதன் கூடும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுவதால் கருவி அவற்றை அதிகமாக மதிப்பிட்டுவிடும். வாடைக் காலத்தில், கடலோரத்தில், உப்புத் துளிகள் கலந்த அதிகாலைக் காற்றில் இந்தப் பிழை கூடுதலாக நேரும். திருத்தம் செய்யப்படாத உணரியின் எண் மழைக்காலக் காலையில் உயர்ந்திருந்தால், வெயில் ஏறிய பிறகு இன்னொரு முறை பார்க்காமல் கலங்க வேண்டாம்.

எனினும் செயலி கைகொடுக்கும் வேளைகளும் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்தபோது மாசடைந்த காற்று இந்தியப் பக்கத்திலிருந்து இலங்கை முழுவதும் பரவி, டிசம்பர் 9 ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாறு தீவு முழுவதையும் மூடும் புகைமூட்டத்தை இந்தக் கணிப்புகளால் நன்றாகவே காட்ட முடியும். ஆகவே ஒரே செயலியை, ஒரே சுட்டெண்ணில் தொடர்ந்து பார்த்து, வழமையான அளவைவிட இன்று எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கூடிய நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காற்றின் தரம் பற்றி என்ன அறிவித்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆனால் பிள்ளைக்கு இழுப்பு வந்தால், நிறம் பச்சை என்பதற்காக வைத்தியர் தந்த இன்ஹேலரைத் தாமதிக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செயலி வீட்டுக்கு வெளியே உள்ள காற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மூடிய அறையில் இரவு முழுவதும் எரியும் ஒரு நுளம்புத்திரி வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. மகன் உறங்கும் அறையில் திரிக்குப் பதிலாக நுளம்புவலை இருந்தால், காலையில் எந்தச் செயலி என்ன நிறம் காட்டுகிறது என்பதைவிட அது அவனுக்கு அதிகம் உதவும்.

கருவி வாங்குவது பற்றி: லேசர் முறையில் பிஎம் 2.5 அளக்கும் கருவி என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். "காற்றுத் தரம்" என்று பொதுவாக எழுதி விற்கப்படும் சில கருவிகள் ஏதோ ஒரு வாயு உணரியை மட்டும் வைத்துக்கொண்டு நுண்துகளை அளக்காமலேயே ஓர் எண்ணைக் காட்டுகின்றன. வாங்கியதைச் சமையலறையிலோ சாம்பிராணி போடும் சாமி அறையிலோ வைக்காமல், பிள்ளை படுக்கும் அறையில், கட்டிலின் உயரத்தில், சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். துல்லியமான எண்ணை எதிர்பார்க்காமல், சன்னலைத் திறக்கும்போது அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து, திறப்பதா மூடுவதா என்று முடிவெடுங்கள்.