டாப்ளர் ரிப்போர்ட்டில் ‘வீனஸ் லீக்’ என்று வந்துவிட்டதா?

அடுத்த கேள்வி. “வயது 34. விறைப்பு சரியாக நிற்கவில்லை என்று ஆணுறுப்புக்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) எடுத்தேன். ‘வீனஸ் லீக்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. காலையில் எழும்போது மட்டும் விறைப்பு நன்றாக இருக்கிறது. ஆபரேஷன் செய்தாக வேண்டுமா?”

காலை விறைப்பைப் பற்றி நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ‘வீனஸ் லீக்’ என்றால் உறுப்பில் தேங்க வேண்டிய ரத்தம் சிரை வழியாக வெளியே ஒழுகிவிடுவது. ரத்தம் உண்மையிலேயே ஒழுகிக்கொண்டிருந்தால் தூக்கத்தில் மட்டும் விறைப்பு எப்படி நிற்கும்?

உறுப்புக்குள் பஞ்சு போன்ற திசு இருக்கிறது. அதன் தசை தளர்ந்தால்தான் ரத்தம் நிரம்பும். நிரம்பி உப்பிய பஞ்சு, ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளை மேலுறையோடு வைத்து நசுக்கி மூடிவிடும். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், தசை இறுகும், சிரை மூடாது. முன்பின் தெரியாத அறை, விறைப்பு வரவழைக்க உறுப்பின் பக்கவாட்டில் ஓர் ஊசி, பக்கத்தில் நிற்கும் ஆட்கள். யாருக்குத்தான் பயம் வராது? ஸ்கேனில் அது ‘லீக்’ போலவே தெரியும்.

அதனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியை விடுங்கள், நடுவில் இருப்பதைப் பாருங்கள். ஊசியில் பாப்பாவெரினோ அல்ப்ரோஸ்டாடிலோ எவ்வளவு போட்டார்கள்? விறைப்பு எந்த அளவுக்கு வந்தது? எத்தனையாவது நிமிடத்தில் அளந்தார்கள்? இதயம் சுருங்கும்போது, உறுப்புக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் ரத்த வேகம் நொடிக்கு 35 செ.மீ.க்கு மேல் இருந்தால் வரத்து நன்றாக இருக்கிறது; 25-க்குக் கீழே என்றால் தமனியில் கோளாறு. இதயம் விரியும்போது உள்ள வேகம் 5-க்கு மேல் நின்றால் லீக் என்று சந்தேகிப்போம். ஆனால் ஊசி போட்ட 5-வது நிமிடத்தில் இந்த எண் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் கூடுதலாகத்தான் இருக்கும். அப்புறம்தான் படிப்படியாக இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 20 நிமிடத்துக்கும் மேல் பொறுமையாக அளக்க வேண்டும். ஒரே ஓர் அளவை வைத்து எழுதிய ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

விறைப்பு முழுதாக வராமலே அளந்திருந்தால் மறுபடி எடுக்கலாம்: தனிமை கொடுத்து, தேவைப்பட்டால் இன்னொரு டோஸ் மருந்தோடு. ஆபரேஷனுக்கு அவசரம் வேண்டாம். சிரையைக் கட்டும் ஆபரேஷனை அமெரிக்க சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் 2018 வழிகாட்டுதலே பரிந்துரைக்கவில்லை.

என்னைக் கேட்டால், லீக்கை விட அந்த 25-ஐப் பார்த்துத்தான் பயப்படுவேன். இந்தத் தமனி இதயத் தமனியை விடச் சிறியது, அடைப்பு முதலில் இங்கேதான் தலைகாட்டும். அந்த எண் குறைவாக இருந்தால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். புகை பிடித்தால் நிறுத்துங்கள்.

சரி, மறுபடி ஸ்கேன் எடுக்கப் போனால் ஒன்று: ஊசிக்குப் பிறகு விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.