அழகாபுரத்தில் எந்த ஜிம்மில் சேர்வது? ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆத்தூர் பக்கமிருந்து சேலத்துக்கு வந்த ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "அண்ணா, அழகாபுரத்தில் வாடகைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வயது 36. காலையில் பையனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வேலைக்கு ஓட வேண்டும், திரும்பி வர ஏழு ஆகிவிடும். இந்தப் பக்கம் நிறைய ஜிம் போர்டு தெரிகிறது. எதில் சேர்வது? ஜிம்முக்குப் போகாமல் வேறு வழி இருக்கிறதா? மாமியாருக்கு முழங்கால் வலி, அவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள்."

சரி, சகோதரி. ஜிம்மைத் தேட ஆரம்பிக்கும்போது மெஷினைப் பார்க்காதீர்கள், நீங்கள் தினமும் போய் வருகிற வழியைப் பாருங்கள். வேலை விட்டு வருகிற வழியிலேயே, வண்டியைத் திருப்பாமல் உள்ளே நுழைகிற மாதிரி ஒன்று இருந்தால் அதுதான் உங்களுக்கு நல்ல ஜிம். நான் ஒரு காலத்தில் சூரமங்கலம் பக்கம் ஒரு பெரிய ஜிம்மில் சேர்ந்தேன், ஏசி, கண்ணாடி, புது டிரெட்மில் எல்லாம் இருந்தது, ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டிப் போக வேண்டும். மேம்பாலம் வந்த பிறகும் கீழே அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. அப்புறம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மாடியில் இருந்த ஒரு சின்ன ஜிம்மில் சேர்ந்தேன், அங்கேதான் நாலு வருஷம் தொடர்ந்து போனேன்.

அதனால் இரண்டு மூன்று ஜிம்மைக் குறித்துக்கொண்டு, நீங்கள் உண்மையில் போகப்போகிற நேரத்திலேயே, அதாவது ஏழேகாலுக்கு, போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குப் போனால் எந்த ஜிம்மும் காலியாக, அழகாக இருக்கும். ஏழேகாலுக்குப் போனால்தான் ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், காற்று வருகிறதா, பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள், பெண் பயிற்சியாளர் அந்த நேரத்தில் இருக்கிறாரா என்பதெல்லாம் தெரியும். பல இடங்களில் "லேடீஸ் பேட்ச்" என்று காலை பத்து மணிக்கும் மதியமும் வைத்திருப்பார்கள், வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதை நேராகவே கேட்டுவிடுங்கள். மேலே தகர ஷீட் போட்ட மாடி என்றால் ஏப்ரல், மே மாதத்தில் உள்ளே நிற்க முடியாது, அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளரை எப்படி எடை போடுவது? புதிதாக வந்தவரிடம் அவர் முதலில் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். பிபி, சுகர், தைராய்டு இருக்கிறதா, பிரசவம் ஆபரேஷனா, முதுகு வலி உண்டா என்று கேட்கிறவர் நல்ல பயிற்சியாளர். முதல் நாளே "மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ குறைக்கலாம், இந்த பவுடரை வாங்குங்கள்" என்று டப்பாவை எடுத்து வைத்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். முட்டை, கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை, தயிர் எல்லாம் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது.

இப்போது பணம். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். "வருஷத்துக்குக் கட்டினால் பாதி விலை" என்பார்கள், மனசு ஆடும். எனக்கே நடந்தது. ஓர் இடத்தில் வருஷக் கட்டணம் கட்டி நாலாவது மாதம் ஷட்டர் இறங்கிவிட்டது, போனை எடுக்க ஆளில்லை. என்னோடு சேர்ந்து கட்டியவர்களில் ஒரு கல்லூரி மாணவன், பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த பணம், அவன் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முதலில் ஒரு மாதம், பிடித்தால் மூன்று மாதம், அவ்வளவு போதும். கட்டினால் ரசீது வாங்குங்கள். ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் பழைய கணக்கு இருந்தால் கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணே இல்லாத சின்ன ஜிம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. ஏமாற்றிவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதியலாம். நான் அன்றைக்கு ரசீது வைத்திருக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஜிம் இல்லாமல் முடியுமா என்றால், கண்டிப்பாக முடியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. முதல் பாதிக்கு நடை போதும். அஸ்தம்பட்டி காந்தி ஸ்டேடியம் உங்களுக்குப் பக்கம்தான், விடியற்காலையில் போனால் நடக்கிற கூட்டத்தைப் பார்த்தே தைரியம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கன்னங்குறிச்சி மூக்கனேரி ஏரிப் பக்கம் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், பறவைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பான். ஏற்காடு அடிவாரத்திலிருந்து சைக்கிளில் மேலே ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டு உடனே ஆசைப்பட வேண்டாம், இருபது கொண்டை ஊசி வளைவு, ஆறு மாதப் பழக்கம் இல்லாமல் அதைத் தொட்டால் முழங்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

ஆனால் நடை மட்டும் போதாது, இதைப் பெண்கள் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். முப்பதுக்கு மேல் தசை மெல்லக் குறைய ஆரம்பிக்கும், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாக வலு இழக்கும். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோம் என்று பயப்படாதீர்கள், அப்படி ஆகாது. ஜிம் கிடைக்கும் வரைக்கும் வீட்டிலேயே, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது பத்துத் தடவை, சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கையில் பிடித்து இடுப்புக்கு இழுப்பது பக்கத்துக்குப் பத்து. நிறைத்த பாட்டில் இரண்டு கிலோ, ஆரம்பத்துக்கு அதுவே போதும். இதை மூன்று சுற்று செய்தால் இருபது நிமிடம்கூட ஆகாது, வாரத்துக்கு இரண்டு நாள்.

மாமியாருக்கு அந்த நாற்காலிப் பயிற்சியையே உயரமான கட்டிலில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள், ஐந்து தடவை போதும், பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். முழங்கால் வீங்கியிருந்தாலோ, படுத்திருக்கும்போதுகூட வலித்தாலோ ஒன்றும் செய்ய வேண்டாம், முதலில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நடக்கும்போது மட்டும் லேசாக வலிக்கிறது என்றால் தொடைத் தசை வலுவாக ஆக முழங்காலின் பாரம் குறையும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி. இரண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்கள், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், பையனை எண்ணச் சொல்லுங்கள்.