பிள்ளைக்கு மஞ்ச தட்டுதா? முதல்ல மணியை எண்ணுங்க

வணக்கம் மக்களே. செல்லூர்ல எங்கம்மா வீட்டு மாடியில இருக்கேன். மகன் இப்பத்தான் தூங்குனான், அதான் குரலைத் தாழ்த்திப் பேசுறேன்.

மூத்தவளுக்கு மூணாம் நாள் காலையில மூஞ்சி லேசா மஞ்ச தட்டுச்சு. பால் நல்லா குடிச்சா, ஈரத்துணிக்கும் பஞ்சமில்ல. பச்சப்பிள்ளைக்கு ரத்த அணு வேகமா உடையும், அதுல வர்ற பிலிரூபின்ங்கிற மஞ்ச நிறப் பொருளைக் கழிச்சுக்கட்ட கல்லீரல் இன்னும் பழகலைன்னாரு டாக்டர். பத்து நாள்ல தானா இறங்கிருச்சு.

இவன் கதை வேற. காலையில பிறந்தான், அன்னைக்கு ராத்திரியே மஞ்ச. "மூத்தவளுக்கும் இப்படித்தானடி, சன்னல் வெயில்ல காட்டு"ன்னுச்சு அப்பத்தா. நானும் மண்டைய ஆட்டிட்டேன். ராத்திரி டியூட்டி நர்ஸக்காதான் விடல. முதல் 24 மணி நேரத்துக்குள்ள வந்தா அது சாதாரண மஞ்ச இல்லைன்னு உடனே ரத்தம் எடுக்க வச்சாங்க. நான் ஓ பாசிட்டிவ், இவன் பி. என் ரத்தத்துல இருந்த எதிர்ப்புப் பொருள் உள்ள போயி இவன் அணுக்களை உடைச்சிருக்கு. மூத்தவ என்னை மாதிரியே ஓ, அதான் தப்பிச்சா.

கண்ணைக் கட்டி, ரெண்டு நாள் நீல லைட்டுக்கு அடியில கிடந்தான். சன்னல் வெயில் அதுக்கு ஈடே இல்லீங்க. ரத்தத்துல பிலிரூபின் அளவு ரொம்ப ஏறுனா மூளையைத் தாக்கும், காது கேக்காமலே போயிரலாம்.

பாக்குறதுன்னா பகல் வெளிச்சத்துல பாருங்க. நெத்தியை விரலால அமுக்கி எடுத்தா, மஞ்ச இருக்குற பிள்ளைக்கு அந்த இடம் மஞ்சளாத் தெரியும். மஞ்ச பூசிக் குளிப்பாட்டி வச்சிருந்தா ஒரு மண்ணும் தெரியாது! மூஞ்சியில ஆரம்பிச்சு கீழ இறங்கும். உள்ளங்கால் வரைக்கும் வந்துட்டாலோ, பாலுக்கு எழுப்புனாலும் துவண்டு கிடந்தாலோ, கீச்சுக்குரல்ல அழுதாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, நடுராத்திரின்னாலும் ஆட்டோவைப் பிடிங்க.

இன்னொண்ணு, துணியை அலசுறதுக்கு முன்னாடி ஒருக்கா விரிச்சுப் பாருங்க. கடுகை அரைச்ச மாதிரி மஞ்சளா ஆயி போனா பயமில்ல. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயி, மூத்திரம் துணியில மஞ்சக்கறை பிடிச்சா, பித்தக்குழாய் அடைப்பா இருக்கலாம். அதுக்கு ஆபரேஷன், பிறந்து 60 நாளுக்குள்ள நடந்தாத்தான் பலன் அதிகம். தாய்ப்பால் பிள்ளைக்குச் சும்மாவே சில வாரம் மஞ்ச நிக்கும்தான். ஆனா 14 நாள் தாண்டுனா டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் நிம்மதியா இருங்க.

நேத்து தெருவுல கழுதைப்பால் வந்துச்சு. அப்பத்தா பாலாடையைக் கழுவிக் கையில வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குது. "உனக்கு வேணும்னா வாங்கிக் குடி அப்பத்தா"ன்னேன்.