வரென் தெருவில் ஒரு ‘ஓட்டல்’

நேயர்களுக்கு வணக்கம். ஓட்டல் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இட்லி, காபி. அப்புறம்தான் தங்கும் அறை. பிரெஞ்சுக்காரர்களிடம் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பழைய பொருள் உண்டு. பிரபுக் குடும்பம் ஒன்று நகரத்துக்குள் தனக்கென்று கட்டிக்கொண்ட மாளிகையையும் அவர்கள் ‘ஒத்தேல்’ என்பார்கள். பாரிஸில் வாடகைக் காரில் ஏறி “ஒத்தேல் பிரோன்” என்றேன். ஓட்டுநர் பின்னால் திரும்பி, பெட்டி எங்கே என்று கேட்டார். “ரோதேன் மியூசியம்” என்று சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்தது. வரென் தெருவில் இருக்கும் பிரோன் மாளிகைதான் இன்று சிற்பி ரோதேனின் மியூசியம்.

இந்த மாளிகைகள் தெருவுக்கு முகம் காட்டாது. உயரமான மதில், நடுவில் குதிரை வண்டி நுழையும் அளவுக்கு ஒரு பெரிய வாசல், அவ்வளவுதான். உள்ளே போனால் கல் பாவிய முன்முற்றம். அதன் கடைசியில் வீடு. வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தெருச் சத்தம் முற்றத்தோடு நின்றுவிடும். வரவேற்பறைகள் தோட்டத்தைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும். கதவுகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் முதல் அறையில் நிற்பவருக்குக் கடைசி அறை வரை தெரியும்.

1715-ல் பதினான்காம் லூயி மறைந்ததும் அரசவை வெர்சாய் அரண்மனையை விட்டுப் பாரிஸுக்குத் திரும்பியது. பிரபுக்களும் பின்னாலேயே வந்தார்கள். செயின் நதியின் இடதுகரையில், அன்று காலி நிலம் நிறைய இருந்த சென் ழெர்மேன் பகுதியில், மளமளவென்று மாளிகைகள் எழுந்தன. இன்று பிரதமர் இருக்கும் மத்தின்யோன் மாளிகையும் இதே வரென் தெருவில்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பிரோன் மாளிகையைக் கட்டியவர் பரம்பரைப் பிரபுவே அல்ல. அப்ரகாம் பெய்ரென்க் தெ மோரா, முடிதிருத்தும் குடும்பத்திலிருந்து வந்தவர். ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரான்சில் காகிதப் பணத்தையும் கம்பெனிப் பங்குகளையும் வைத்து ஒரு பெரிய சூதாட்டம் நடத்தினாரே, 1720-ல் அது சரிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பெய்ரென்க் அதில் கொழுத்தவர்களில் ஒருவர். புதுப் பணக்காரர் ஆயிற்றே, பழைய பிரபுக்களை மிஞ்ச வேண்டாமா? ழான் ஒபேர் என்ற கட்டடக்கலைஞரை அமர்த்தினார். ஷந்தியி என்ற ஊரில் குதிரைகளுக்கே அரண்மனை போல லாயம் கட்டியவர் அவர்.

ஒபேர் செய்த ஒரு காரியத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். மற்ற மாளிகைகள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கும்; முன்னும் பின்னும்தான் ஜன்னல். இங்கே நிலம் தாராளம். வீட்டை எதனோடும் ஒட்டாமல் தனியாக நிறுத்தினார். நாலு பக்கமும் ஜன்னல். தோட்டத்துப் பக்கம் இரண்டு மூலைகளிலும் நீள்வட்ட அறைகள். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று வெயில் வீட்டைச் சுற்றி வரும்.

பெய்ரென்க் அதை அனுபவிக்கவில்லை. வீடு முடிந்த கையோடு 1732-ல் இறந்துபோனார். அடுத்து மேன் கோமகள் என்ற பிரபுக் குலப் பெண்மணி குடியிருந்தார். அவரும் இங்கேயே 1753-ல் காலமானார். பிறகு வந்த மார்ஷல் பிரோனின் பெயர்தான் நிலைத்தது. போர்க்கள வீரர், தோட்டத்தின் மேல், குறிப்பாகத் துலிப் பூக்களின் மேல், அப்படி ஒரு பித்து. அவருக்குப் பின் பிரோன் பட்டத்துக்கு வந்தவரைப் புரட்சி 1793-ன் கடைசி நாளில் கில்லட்டினுக்கு அனுப்பியது.

1820-ல் திரு இருதய சபைக் கன்னியர் வீட்டை வாங்கிப் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி நடத்தினார்கள். ஆடம்பரம் மாணவியரைக் கெடுக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, சுவரில் பதித்திருந்த செதுக்கு மரப்பலகைகள், கண்ணாடிகள், இரும்பு வேலைப்பாடுகள் எல்லாவற்றையும் கழற்றி விற்றார்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் ஜன்னல்களை யாரும் கழற்ற முடியவில்லை. வெளிச்சம் அப்படியே இருந்தது.

துறவியர் சபைகள் பள்ளி நடத்தக் கூடாது என்று 1904-ல் சட்டம் வந்து பள்ளியும் போனது. இடிப்பதா விற்பதா என்று முடிவாகாத அந்த இடைவெளியில் அறைகள் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. அப்போது வந்தவர்களைப் பாருங்கள்: மத்தீஸ் ஓவியப் பள்ளி நடத்தினார், இசடோரா டங்கன் நடனம் பழகினார், இளைஞர் ழான் கொக்தோ ஓர் அறை பிடித்தார். சிற்பி கிளாரா வெஸ்ட்ஹாஃப் இங்கே இருந்ததால் அவர் கணவர் கவிஞர் ரில்கேயும் வந்தார். 1908-ல் ரில்கே தன் பழைய முதலாளி ரோதேனுக்குக் கடிதம் எழுதினார்: வந்து பாருங்கள், காடாகக் கிடக்கும் தோட்டத்தில் முயல்கள் துள்ளி ஓடுகின்றன, பழைய திரைச்சீலைச் சித்திரம் மாதிரி.

ரோதேன் வந்தார். தோட்டத்தைப் பார்த்த கீழ்த்தள அறைகளை வாடகைக்கு எடுத்தார். அவருடைய சொந்த வீடு பாரிஸுக்கு வெளியே மெதோனில் இருந்தது. வேலை செய்யவும் விருந்தினரைப் பார்க்கவும் இங்கே. பளிங்குச் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவருக்கு நாலு பக்க ஜன்னல் வீட்டைவிட வேறென்ன வேண்டும்? 1911-ல் அரசு இடத்தை வாங்கியபோது அவர் காலி செய்ய மறுத்தார். தன் சிற்பங்கள், சேகரிப்புகள் எல்லாவற்றையும் நாட்டுக்கே தருகிறேன், இதை மியூசியமாக்குங்கள், சாகும்வரை என்னை இங்கே இருக்க விடுங்கள் என்று பேரம் பேசினார். உலகப் போர் நடுவே, 1916 டிசம்பரில், நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. மறு வருஷம் நவம்பரில் அவர் இறந்தார். மியூசியம் திறந்தது 1919-ல்.

இந்த வீட்டில் அவர் வாடகைக்கு இருந்த காலத்தில்தான், 1913-ல், நம் நடராஜரைப் பற்றி எழுதினார். இந்தியாவுக்கு வந்ததில்லை. விக்டர் கொலுபேவ் என்ற ரஷ்யர் மூலம் சென்னை அருங்காட்சியகத்துச் செப்புத்திருமேனிகளின் புகைப்படங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. திருவாலங்காட்டு நடராஜர் அவற்றில் ஒன்று. ஒரு பக்கவாட்டில் பார்த்தால் சிவன் மெல்லிய பிறையாகத் தெரிகிறார் என்று எழுதியிருக்கிறார். புகைப்படத்தைக்கூட அவர் ஒரு சிலையைச் சுற்றி நடக்கிற மாதிரிதான் பார்த்திருக்கிறார். அவர் மறைந்த பிறகு, 1921-ல், கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரையோடு சேர்ந்து அது அச்சானது.

மூன்று வருஷம் பழுதுபார்த்து 2015 நவம்பரில் மாளிகையை மறுபடி திறந்தார்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பளிங்கு எடுபடாது அல்லவா? அதனால் இந்த வீட்டுக்கென்றே ஒரு சாம்பல் நிறத்தைக் கலந்து பூசியிருக்கிறார்கள். விற்றுப்போன மரப்பலகைகளிலும் கதவுக்கு மேலிருந்த ஓவியங்களிலும் சிலவற்றைத் தேடிப் பிடித்துப் பழைய இடத்திலேயே பொருத்தியாயிற்று. மிச்சம் எங்கெங்கோ. செதுக்கு வேலை நிறைந்த அறையிலிருந்து அடுத்த அறைக்குள் நுழைந்தால் வெறும் சுவர். அதன் முன்னால் ஒரு சிலை; ஜன்னல் வழியே அதன் முதுகில் தோட்டத்து வெயில்.