குளிர்நாட்டு வீட்டில் கேஸ் சிலிண்டர்

தேவிகுளம் வானொலி நிலையத்து நேயர்களுக்கு வணக்கம். கேஸ் சிலிண்டரைப் பாதுகாப்பாகக் கையாளுவது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, சமவெளி வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே இங்கே படித்துவிட்டுப் போகக் கூடாது என்பதே என் முதல் எண்ணமாக இருந்தது. கேஸ் ஏஜென்சி ஒன்றில் மெக்கானிக்காக வேலை பார்த்து, மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை, செண்டுவரை என்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கியவன் நான். சிலிண்டர் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதை வைத்துப் புழங்கும் வீடும் அந்த வீட்டைச் சூழ்ந்திருக்கும் குளிரும்தான் வேறு.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தி அடைத்திருப்பதால் அது உள்ளே திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கனமானது என்பதை மட்டும் இன்று நீங்கள் மறவாமல் வைத்துக்கொண்டால், நான் சொல்ல வந்ததில் பாதி சொல்லியாயிற்று. கனமான பொருள் மேலே போகாது. கசிந்த கேஸ் தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி ஓடி, தரையோடு தரையாகப் பரவிக் கிடக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ள அது போதும்.

கண்ணூர் அருகே சாலாவில் 2012 ஆகஸ்ட் 27 அன்று இரவு ஒரு கேஸ் டேங்கர் லாரி கவிழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். கசிந்த வாயு சுற்றிலும் இருந்த வீடுகளுக்குள் பரவித் தீப்பிடித்து 20 பேர் உயிரிழந்தனர். அது டேங்கர், நம்முடையது 14.2 கிலோ சிலிண்டர் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஓர் அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டுக்கு இந்த 14.2 கிலோ மிக அதிகம்.

இனி நம் வீடுகளைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் ஜன்னலை யாரும் திறப்பதில்லை. குளிர் உள்ளே வராமல் இருக்கக் கதவின் அடியில் சாக்கை மடித்துச் செருகிவிடுகிறோம். அந்தச் சாக்கைப் பற்றி நான் போன வீட்டிலெல்லாம் பேசியிருக்கிறேன், இன்றும் பேசுகிறேன். தரையில் கிடக்கும் கேஸ் தானாக வெளியேற இருக்கும் ஒரே வழி கதவின் அடியில் உள்ள அந்த இடைவெளிதான். மேலே இருக்கும் ஜன்னலைத் திறப்பது நல்லதுதான் என்றாலும், காற்று வாங்குவதற்கு உதவும் அளவுக்கு அது கேஸ் வெளியேற உதவாது. இதோடு, எஸ்டேட்டில் கிடைக்கும் விறகுக்கென்று பழைய விறகடுப்பும் அதே சமையலறையில் இருக்கிறது. அடைத்த கதவும் சாம்பலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் கங்கும் ஒரே தரையில் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு, சமவெளி வீட்டைவிட இரு மடங்கு கவனம் வேண்டும்.

ஒரு ஜனவரி மாதம், உறைபனியில் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிப்போயிருந்த வாரத்தில், செண்டுவரைப் பக்கம் ஒரு லயத்திலிருந்து அடுப்பு சரியாக எரியவில்லை என்று புகார் வந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்க, வீட்டில் ஒரு பாட்டியும் பாயில் படுத்திருந்த சின்னப் பேரனும் இருந்தனர். சிலிண்டர் தரையில் படுக்கை வசமாகக் கிடந்தது. உருண்டுவிடாமல் இருக்க இரு பக்கமும் விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்து, மேலே ஒரு பழைய கம்பளியையும் போர்த்தியிருந்தார்கள். "குலுக்கினா உள்ள சளக்கு சளக்குனு கேக்குதுப்பா, ஆனா தீ ஏற மாட்டேங்குது, படுக்க வெச்சா நல்லா எரியுது" என்றார் பாட்டி. அவர் நன்றாக எரிவதாகச் சொன்ன தீ, நீலம் போய் மஞ்சளாகி, பானையின் கழுத்து வரை நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது; பானையின் ஒரு பக்கம் முழுக்கக் கரி.

நான் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டுச் சிலிண்டரை நிமிர்த்தி வைத்தேன். அப்போதுதான் பாயில் படுத்திருந்த பையன், "மாமா, இங்க கெட்ட வாசம் அடிக்குது" என்றான். நின்றுகொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டிக்கோ நல்ல சளி. பையன் அருகே மண்டியிட்டுக் குனிந்தபோது மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் தெளிவாக வந்தது. கேஸுக்கென்று தனி வாசனை எதுவும் கிடையாது. கசிவு தெரியட்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டான் என்னும் பொருளை அதில் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த நாற்றம் தரையோடு கிடந்தால் நிற்கும் மனிதருக்கு எப்படித் தெரியும்? நேயர்களே, தாய்மார்களே, காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு முறை குனிந்து, சிலிண்டரின் பக்கத்தில் மோந்து பாருங்கள். சளி பிடித்தவர் வீட்டில் வேறொருவரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் அன்று விறகடுப்பு மூட்டப்படவில்லை. கதவடியில் இருந்த சாக்கை இழுத்துப் போட்டு, கதவை அகலத் திறந்து, இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, சிலிண்டரை முற்றத்துக்குக் கொண்டுபோய் ரெகுலேட்டரைக் கழற்றினேன். வால்வுக்குள் இருந்த கறுப்பு ரப்பர் வாஷர் ஒரு பக்கம் வெடித்திருந்தது.

நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரில் திரவம் அடியிலும் ஆவி மேலேயும் இருக்கும்; ரெகுலேட்டர் ஆவிக்காகச் செய்யப்பட்டது. சிலிண்டரைப் படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள்ளும் ட்யூபுக்குள்ளும் போய், அடுப்பில் அடங்காத தீயாக வரும். அங்கே கசிவும் இருந்தால், வெளியே வருவது 250 மடங்கு விரியக் காத்திருக்கும் திரவம். ஆகையால் புழங்கும்போதும், எடுத்துப் போகும்போதும், காலியான பின்னும் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

பாட்டி சொன்னதிலும் உண்மை இருந்தது. திரவம் ஆவியாகச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் அது எடுத்துக்கொள்கிறது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேனோ பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வந்தாலே ஆவியாவதற்குத் தயங்கும். புரொப்பேன் முந்திக்கொண்டு தீர்வதால், சிலிண்டர் தீரும் தறுவாயில் உள்ளே மிஞ்சியிருப்பதில் பியூட்டேனே அதிகம். அதனால்தான் கடைசிக் கேஸ் குளிர்கால விடியலில் அடம் பிடிக்கிறது. இதற்காகச் சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் நிறுத்துவதும், விறகடுப்புக்கு அருகில் நகர்த்துவதும், வெந்நீர்த் துணி சுற்றுவதும் கூடவே கூடாது. உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று அறிய வீட்டில் எந்த வழியும் இல்லை. ஒரு பர்னரை மட்டும் சிறு தீயில் எரியவிடுங்கள். அறை சற்றுச் சூடேறிய முற்பகலில் அதே சிலிண்டர் ஓரளவு நன்றாக எரியும். அதற்கும் மசியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். கூலிப் பணத்தில் வாங்கிய கேஸ் மீதி போகிறதே என்ற வருத்தம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மிஞ்சிய அந்தக் கொஞ்சத்துக்காகச் சிலிண்டரைப் படுக்க வைக்க வேண்டாம்.

அடுத்தது, கேஸ் நிரப்பும் விஷயம். சுற்றுலாக்காரர்களை நம்பித் தட்டுக்கடை வைத்திருப்பவர்களும், கூடாரம் போட்டுத் தங்குபவர்களும் சின்ன சிலிண்டர் வைத்திருக்கிறார்கள். பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ட்யூப் வழியாக அதற்கு நிரப்பித் தருபவர்களும் இருக்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். குற்றம் என்பதைவிட அதன் காரணத்தை அறிந்துகொள்வது முக்கியம். நம் வீட்டுச் சிலிண்டர் 33 லிட்டர் தண்ணீர் கொள்ளும், அதில் 14.2 கிலோ கேஸ் என்பது சுமார் 26 லிட்டர் திரவம்தான். மீதி இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். சூடு ஏறும்போது இந்தத் திரவம் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். அதற்குத்தான் அந்த இடம். நிரப்பும் ஆலையில் எடை பார்த்து நிறுத்துகிறார்கள். கவிழ்த்து நிரப்புபவரிடம் இருப்பது கையால் தூக்கிப் பார்க்கும் உத்தேசம் மட்டுமே.

இதில் நம் மலைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. மூணாற்றில் ஐந்து டிகிரிக் குளிரில் விளிம்பு வரை நிரப்பிய சின்ன சிலிண்டரை ஜீப்பில் போட்டுக்கொண்டு போடிமெட்டு வழியாக இறங்கினால், சில மணி நேரத்தில் போடியின் வெயிலில் நிற்கிறது. விரிவதற்கு இடமில்லாத திரவம் இரும்பைத்தான் நெருக்கும். நிரப்பும்போது வழியவிடும் ஆவியும் கடைத் தரையில்தான் கிடக்கிறது. நான் முன்பே சொன்னேன், கேஸ் தரையில் கிடக்கும். அதே கடையில் டீ அடுப்பும் எரிகிறது. சின்ன சிலிண்டர் வேண்டுமென்றால் 5 கிலோ சிலிண்டர் ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் போதும், முகவரிச் சான்று தேவையில்லை. காலியானதைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ளலாம்.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். எஞ்சியதை விரைவாகச் சொல்கிறேன். சிலிண்டர் வந்ததும் சீல் பாருங்கள்; வெற்று எடை சிலிண்டரின் மேலேயே பொறித்திருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டி எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் ஆண்டும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சிலிண்டரை மறுபரிசோதனை செய்வதற்கான அந்தக் கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். மாற்றும்போது விறகடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்கட்டும். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல. மூடியை நூலோடு சிலிண்டரிலேயே தொங்கவிடுங்கள். வால்வு கசிந்தால் அடைக்க அதுதான் கைகொடுக்கும். ஆரஞ்சு நிற ட்யூபை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஏஜென்சியின் ஐந்தாண்டுப் பரிசோதனைக்கு ஆள் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள்.

கேஸ் நாற்றம் வந்தால் மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, எல்லாரும் மேட்டுப் பக்கமாக வெளியேறி, வீட்டை விட்டுத் தள்ளி நின்ற பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இரவானாலும் எடுப்பார்கள். நன்றி, வணக்கம்.