தலைத் திவசமும் ஒரு வருடக் கெடுவும்

நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்த வானொலி நண்பர்களுக்கு நன்றி. நான் டெக்சாஸில் வக்கீலாக இருக்கிறேன். இன்று எடுத்துக்கொண்டது கொஞ்சம் கனமான விஷயம். ஆனால் அமெரிக்காவில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் காதிலும் விழ வேண்டியது.

சில வருடங்களுக்கு முன் ஹூஸ்டனிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். கணவரின் இறப்புச் சான்றிதழ், டென்னசி போலீஸ் எழுதிய விபத்து அறிக்கை, ஆஸ்பத்திரி பில்கள், இன்சூரன்ஸ் கம்பெனி கடிதங்கள் என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். நாஷ்வில்லில் நண்பர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போன மனிதரின் காரை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்திருக்கிறது. லாரி கம்பெனியும் டென்னசி, ஓட்டுநரும் டென்னசி.

"தலைத் திவசம் முடியட்டும்னு வீட்ல சொன்னாங்க அக்கா. அதுக்கு முன்னாடி பணத்தைப் பத்திப் பேச எனக்கும் மனசு வரலை. டெக்சாஸ்ல ரெண்டு வருஷம் டைம் இருக்குன்னு கூகுள்ல பார்த்தேன்" என்றார்.

சான்றிதழில் இருந்த தேதியை இரண்டு தடவை பார்த்தேன். அவர் இறந்து ஒரு வருடமும் பத்தொன்பது நாளும் ஆகியிருந்தது.

அவர் கூகுளில் பார்த்தது தப்பில்லை. ஒருவருடைய தவறால் இன்னொருவர் இறந்துபோனால், குடும்பம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட டெக்சாஸில் 2 வருடக் கெடுதான். அதற்கும் மேலே, டெக்சாஸ்வாசி வெளிமாநிலத்தில் இறந்திருந்தாலும், டெக்சாஸ் நீதிமன்றத்தில் டெக்சாஸ் கெடுவுக்குள் வழக்குப் போடலாம் என்றே இங்குள்ள சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நீதிமன்றத்துக்கு எதிராளியை இழுத்துவரும் அதிகாரம் இருக்க வேண்டும். டென்னசியிலேயே இருந்து, டென்னசி சாலையில் லாரி ஓட்டி, அங்கேயே விபத்து நடத்திய கம்பெனியை ஹூஸ்டன் நீதிபதி வரச்சொல்ல முடியாது. வழி டென்னசி நீதிமன்றம் ஒன்றுதான். அங்கே கெடு 1 வருடம்.

ஓட்டுநர் மேல் கிரிமினல் குற்றச்சாட்டு பதிவாகியிருந்தால் டென்னசியில் அந்தக் கெடு 2 வருடமாக நீளும். அதைத் தேடித்தான் போலீஸ் அறிக்கையை முன்னும் பின்னுமாகப் புரட்டினேன். இல்லை. இன்சூரன்ஸ்காரரின் கடைசிக் கடிதம் "பரிசீலனையில் இருக்கிறது" என்று முடிந்திருந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியோடு எத்தனை மாதம் பேசிக்கொண்டிருந்தாலும் நீதிமன்றக் கடிகாரம் அதற்காக நிற்பதில்லை. அந்தக் கடிகாரத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியது தங்கள் வேலை என்று எதிர்த்தரப்பு நினைக்கவும் நினைக்காது.

சரி, ஏன் இப்படி மாநிலத்துக்கு ஒரு கணக்கு? பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில், அடிபட்டவன் உயிரோடு இருந்தால் வழக்குப் போடலாம். செத்துப்போனால் அவன் குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது. 1846-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம்தான் தனிச் சட்டம் போட்டு அந்த உரிமையைத் தந்தது, கூடவே 12 மாதக் கெடுவும் வைத்தது. அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றும் தன் சட்டமன்றத்தில் தனித்தனியாக இதைச் செய்தன. அதனால் இன்று கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, இல்லினாய், ஜார்ஜியாவில் 2 வருடம். மாசசூசெட்ஸ், மேரிலாண்ட், வாஷிங்டனில் 3. மருத்துவத் தவறு போன்றவற்றுக்கு அதிலும் தனி விதிகள் உண்டு.

இரண்டு மாநிலங்கள் சம்பந்தப்பட்டால் எந்தக் கெடு? நீதிமன்றங்களின் பொதுவான பழக்கம், எங்கே வழக்குப் போடுகிறோமோ அந்த மாநிலத்தின் கெடுவைப் பார்ப்பது. அது எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு வெல்ஸ் வழக்கு இருக்கிறது. அலபாமாவில் ஒரு தொழிலாளி வேலை செய்துகொண்டிருந்தபோது சாணைச் சக்கரம் வெடித்து இறந்தார். சக்கரத்தைச் செய்த கம்பெனி பென்சில்வேனியாவில் இருந்தது. அலபாமா சட்டம் 2 வருடம் தந்திருந்தது. இறந்தவர் சார்பில் நடக்க நீதிமன்றம் நியமித்த சொத்துப் பொறுப்பாளர் ஒரு வருடம் தாண்டி, 2 வருடத்துக்குள், பென்சில்வேனியாவில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பென்சில்வேனியாவில் அப்போது கெடு 1 வருடம். வழக்கு தள்ளுபடி. 1953-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதைச் சரி என்றது. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். உரிமையைத் தந்த மாநிலத்தின் கெடுவும் அந்த உரிமையோடே வர வேண்டும் என்பது அவர் வாதம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஜாக்சன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. பென்சில்வேனியா விவசாயி ஒருவர் அறுவடை இயந்திரத்தில் கையை இழந்தார். ஊரில் 2 வருடக் கெடு போய்விட்டது. அப்போது 6 வருடம் தந்த மிசிசிப்பியில் வழக்குப் போட்டு, பிறகு அதைப் பென்சில்வேனியாவுக்கே மாற்றிக் கேட்டார். மாறினாலும் மிசிசிப்பி கெடுதான் செல்லும் என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இதைக் கேட்டு, நீண்ட கெடு உள்ள ஊராகத் தேடிப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு பெரிய கம்பெனிகளைக்கூட நினைத்த மாநிலத்தில் வழக்குக்கு இழுப்பது கடினமாகிவிட்டது. அதோடு பல மாநிலங்களில் "கடன் வாங்கும் சட்டம்" ஒன்று இருக்கிறது. நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வசிக்காதவர், வெளிமாநிலத்தில் நடந்த சம்பவத்துக்காக அங்கே வந்தால், நியூயார்க் கெடு, சம்பவ மாநிலத்தின் கெடு இரண்டுக்குள்ளும் இருக்க வேண்டும். அதாவது குறைவானதுதான் செல்லும்.

வெளிநாட்டு விமானப் பயணத்தில் இறந்தால் பெரும்பாலும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2 வருடம். அரசு வண்டி, அரசு ஆஸ்பத்திரி என்றால் வழக்குக்கு முன்பே எழுத்தில் கோரிக்கை தர வேண்டும். கலிஃபோர்னியாவில் அதற்கு 6 மாதம்தான்.

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம், மாதத் திதி, அப்புறம் தலைத் திவசம். அதுவரை இழப்பைப் பணமாகப் பேசுவது பாவம் போலத் தோன்றும். எனக்கும் அப்பா போனபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் திதி இங்கிலீஷ் தேதிக்குச் சில நாள் முன்னோ பின்னோ விழும். ஒரு வருடக் கெடு உள்ள மாநிலத்தில், அந்தச் சடங்குக்கு ஐயரிடம் நாள் குறித்துக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் உரிமை பறிபோய்விடும். துக்கம் உங்களுடையது, அதை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். ஃபோனை மட்டும் வேறொருவர் எடுக்கட்டும். அண்ணனோ, மைத்துனரோ, நண்பரோ, பதினாறு முடிந்த வாரமே பேசட்டும்.

சம்பவம் நடந்த மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள வக்கீலிடம் பேச வேண்டும். உங்கள் ஊர் வக்கீல் மட்டும் போதாது. ஃபீஸைக் கேட்பதற்கு முன்னால் "கடைசித் தேதி என்ன?" என்று கேளுங்கள். இறந்தவர் வசித்த மாநிலம், சம்பவம் நடந்த மாநிலம், எதிராளி இருக்கும் மாநிலம் என மூன்றுக்கும் கேட்டு, இருப்பதில் முதலாவதாக வரும் தேதியைக் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள். சொத்துப் பொறுப்பாளராக ஒருவரை நீதிமன்றம் நியமிக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பாக இன்னொரு வட்டம் போடுங்கள்.