குவீன்ஸ்பேயிலிருந்து கர்னி வரை: இருவராகச் சைக்கிளில்

நேயர்களுக்கு வணக்கம்.

பினாங்குக் கடலோரத்தில் சைக்கிள் ஓட்டக் கிளம்பும் இருவரில் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் பழக்கம் இருக்கும். மற்றவர் அலமாரிக்குப் பின்னால் கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்து வருபவர். கரையோரப் பாதை தட்டையானது, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாளைக் கெடுப்பவை இரண்டு: ஒத்துப்போகாத வேகம், வெயில்.

முதலில் வழி. தீவின் தென்கிழக்குக் கரையில் உள்ள குவீன்ஸ்பேயில் காரை நிறுத்திவிட்டு வடக்கே மிதியுங்கள். எதிரே தெரிவது ஜெரெஜாக் தீவு. கப்பலில் வந்த நம் முன்னோர் பலரை நோய்த் தடுப்புக்காக இறக்கி அடைத்து வைத்த இடம் அது. 1969 முதல் 1993 வரை அங்கே சிறைச்சாலையும் இருந்தது. கொஞ்ச தூரத்தில் 1985-இல் திறந்த முதல் பாலத்துக்கு அடியில் புகுந்து போவீர்கள். அங்கிருந்து ஜெலுத்தோங் கரை, பிறகு ஜார்ஜ்டவுனின் படகுத்துறைக் கரையான வெல்ட் கீ. அதுவரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். எஸ்பிளனேடு வழியாகக் கர்னி டிரைவ் வரை இன்னும் 5 அல்லது 6. போக வர 30 கிலோமீட்டரைத் தாண்டும். தனிப்பாதை நெடுகிலும் தொடராது. இடையிடையே அறுந்து சாலையோடு சேரும். அங்கெல்லாம் இடப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த், பிறை பக்கத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பாலங்களிலும் சாதாரண நாளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஃபெர்ரிதான் வழி. நீங்கள் இறங்கும் வெல்ட் கீ இந்தப் பாதையின் நடுப்பகுதி என்பதால், தெற்கே குவீன்ஸ்பே போய்த் திரும்பினாலே 20 கிலோமீட்டர் ஆகிவிடும். புதியவருக்கு அதுவே போதும்.

காலை 7 மணிக்குச் சக்கரம் உருள வேண்டும். அப்போது இன்னும் மங்கலாகத்தான் இருக்கும், முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். பத்தரை மணிக்கு மேல் வெயிலில் மிதிப்பது வீண் வீம்பு. முழு நாளும் வேண்டுமென்றால் 11 முதல் மாலை நாலரை வரை ஜார்ஜ்டவுனில் நிழலில் கழியுங்கள். சோறும் கறியுமான நாசி கண்டாரை அந்த இடைவேளைக்கு வையுங்கள், முன்னால் வேண்டாம். காலையில் ஒரு ரொட்டி சானாயும் கோப்பியும் போதும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்றும் மழையும் வருவதுண்டு. மேற்கே வானம் கறுத்திருந்தால் பசியாறிக்கொண்டே ஒரு மணி நேரம் காத்திருங்கள், பெரும்பாலும் கடந்துவிடும். மாலை இடி இடித்தால் கரையோர மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள் போங்கள்.

இனி வேகம். காற்று இல்லாத காலையில் மெதுவாக ஓட்டுபவர்தான் முன்னால் போக வேண்டும். பழகியவர் முன்னால் போனால் தன்னையறியாமல் மணிக்கு 22, 23 கிலோமீட்டருக்கு ஏறிவிடுவார். பின்னால் வருபவர் மூச்சிரைக்க விரட்டுவார், ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டார். மணிக்கு 15 போதும். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டிரண்டு சொல்லாகப் பதில் வந்தால் வேகம் அதிகம்.

எதிர்காற்று எழுந்ததும் வரிசை மாற வேண்டும். பலசாலி முன்னால் போய்க் காற்றை உடைக்க, மற்றவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டுப் பின்தொடர்ந்தால் அவர் காலுக்குச் சுமை நன்றாகவே குறையும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, முன்னால் வந்த உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவது. வந்த வேகத்திலேயே தொடருங்கள். இன்னொன்று இதைவிட முக்கியம்: பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் ஒட்டி நிற்கவே கூடாது. முன்னவர் ஒரு குழிக்காகச் சற்று விலகினாலும் இரண்டு சக்கரமும் உரசும். விழுபவர் பெரும்பாலும் பின்னவர்தான்.

முன்னால் போகிறவர் கண் இரண்டு பேருக்கும் சேர்த்து. "குழி", "கண்ணாடி", "மோட்டார்" என்று ஒற்றைச் சொல்லில் கத்தினால் போதும். தூண்டில்காரர்கள் கூடும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். வீசுவதற்கு முன் கோலைப் பின்னால் கொண்டு வருவார்கள், முள் உங்கள் முகத்து உயரத்தில் வரும். மணியை அடித்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகு கடந்து போங்கள். உடும்பு குறுக்கே வந்தால் நின்றுவிடுங்கள், அது எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது. வெல்ட் கீயில் மரத்தூண்மேல் நிற்கும் சீனக் குலக் குடியிருப்புகளுக்குள் போவதானால் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

கிளம்புமுன் டயர். 32 மில்லிமீட்டர் அகல டயரும் 70 கிலோ எடையும் என்றால் 55 முதல் 65 பி.எஸ்.ஐ. காற்று சரியாக இருக்கும். அகலமான மலைச் சைக்கிள் டயருக்கு 30, 35 போதும். இருக்கை உயரத்துக்கு எளிய அளவு: பெடலைக் கீழே இறக்கிக் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கடனாக வாங்கிய சைக்கிளில் முழங்கால் வலிக்கக் காரணம் பெரும்பாலும் இருக்கை தாழ்வாக இருப்பதுதான்.

இருவருக்கும் ஒரு பம்ப், ஒரு கருவித் தொகுப்பு போதும். டியூப் மட்டும் அவரவருக்குத் தனி. ஒருவருக்கு மடிப்புச் சைக்கிளின் 20 அங்குலச் சக்கரம், மற்றவருக்குப் பெரிய சக்கரம் என்றால் ஒருவர் டியூப் மற்றவருக்குப் பொருந்தாது. பம்ப்பின் வாய் மெல்லிய வால்வுக்கும் கார் வால்வு போன்ற தடித்த வால்வுக்கும் பொருந்துமா என்று வீட்டிலேயே பாருங்கள்.

பஞ்சர் ஆனால் புது டியூபை உடனே திணிக்காதீர்கள். பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் துணியால் தடவுங்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதியில் வெடித்த லோரி டயரிலிருந்து சிதறிய முடி போன்ற எஃகு இழைதான் பல நேரம் காரணம். அதைப் பிடுங்காமல் மூடினால் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது டியூபும் போகும். பாம்புக் கடிபோல இரண்டு ஓட்டை பக்கம் பக்கமாக இருந்தால் முள் எதுவும் இல்லை, காற்றுக் குறைவாக வைத்து மேட்டில் இடித்திருக்கிறீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு 500 முதல் 750 மில்லிலிட்டர், கால் மணிக்கு ஒருமுறை சில மடக்கு. ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், ஒரு பாட்டில் உப்புச் சேர்ந்த பானம். துணையைக் கவனியுங்கள். பேச்சு குழறினால், நேராக ஓட்ட முடியாமல் தள்ளாடினால், வெயிலிலும் குளிர்கிறது என்றால் பயணம் அங்கேயே முடிந்தது. நிழல், ஈரத்துணி, விசிறல். உடனே 999-ஐயும் அழையுங்கள்.

வீடு திரும்பியதும் அன்றிரவே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடற்காற்றின் உப்பு ஒரே இரவில் சங்கிலியில் துருவைக் கிளப்பிவிடும். நீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம், சக்கர அச்சுக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். துடைத்து உலர்த்தி, சங்கிலியின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே தங்கும் எண்ணெய் மணலைப் பிடித்து உப்புத்தாள்போலச் சங்கிலியைத் தேய்க்கும். எஃகுச் சட்டத்தில் அலுமினிய இருக்கைத் தண்டு இருந்தால் அதையும் கழற்றிக் கிரீஸ் தடவிப் போடுங்கள். உப்புப் பட்டு அது உள்ளேயே இறுகிவிட்டால் பிறகு ரம்பம்தான் வேண்டியிருக்கும்.